மூன்றில் முடியும் எண்கள்

வருகைப் பதிவேட்டில்
மூன்றில் முடியும் எண்கள் மட்டும்
இந்தத் தாளை நிரப்பினால் போதுமாம்.
அலுவலக அக்கா கொடுத்துவிட்டுப் போகிறார்.
மூன்று, பதின்மூன்று, இருபத்துமூன்று...
நான் நாற்பத்துமூன்று.
மூன்று வருடத்தில் முதல்முறையாக
என் எண் வந்திருக்கிறது.

பாடம்: கூறெடுப்பு முறைகள்.
ஆசிரியர்: நசீருதீன், கௌரவ விரிவுரையாளர்.
கற்பித்தல் தெளிவாக இருந்ததா?
ஐந்து வட்டங்கள். ஒன்றைக் கறுப்பாக்க வேண்டும்.

டிசம்பர் முழுக்க அவர் சொன்னார், நாங்கள் எழுதினோம்.
அவர் ஆங்கிலத்தில் சொல்ல
நான் தமிழெழுத்தில் பிடித்தேன்:
சிம்பிள் ரேண்டம் சாம்ப்ளிங் வித்தவுட் ரீப்ளேஸ்மென்ட்.
ஒரு மூச்சில் எழுதி மறுமூச்சில் மறந்தேன்.
கமாவையும் சொல்வார், ஃபுல்ஸ்டாப்பையும் சொல்வார்.
'நெக்ஸ்ட் பாரா' என்றதையும் எழுதிக்கொண்ட வேம்பரசி
தேர்விலும் அப்படியே எழுதினாள்.
அதற்கும் அரை மார்க் விழுந்திருந்தது.

ஜனவரியில் கரண்ட் போன ஒரு மத்தியானம்
தன் டிபன் டப்பாவைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார்.
ஐம்பத்துநான்கு சீட்டு. எட்டை எடுத்தார்.
வீட்டிலிருந்து கல்லூரிக்கு எத்தனை நிமிடம்?
எட்டில் ஏழு பேர் மன்னார்குடிக்குள்ளேயே.
இந்த வகுப்பு
பதினாறு நிமிடத்தில் வந்து சேர்கிறது
என்று போர்டில் எழுதினார்.

கோட்டூர் தாண்டி இரண்டு பஸ் மாறி வருகிறவள்
எழுந்து நின்றேன்.
நூறு நிமிடம் சார்.
சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.
உன் சீட்டும் டப்பாவில்தான் இருந்தது,
எல்லோருக்கும் சம வாய்ப்பு, முறையில் தப்பில்லை என்றார்.
ஜன்னல் வழியே பாமணியாற்றுப் பக்கம் பார்த்துவிட்டு,
எட்டு குறைவுதான்.
அவர் எழுதிக்கொள்ளச் சொல்லாத முதல் வாக்கியம்.
நான் அடிக்கோடிட்ட ஒரே வாக்கியம்.

தை பிறந்து பத்தாம் நாள் பெய்தது
முற்றிய கதிர்மேல்.
தண்ணீரிலேயே முளைத்துவிட்டது எங்கள் நெல்.
வெயில் வந்ததும் அறுவடைப் பரிசோதனைக்கு ஆபீசர் வந்தார்.
ஊருக்கு நாலு வயல். எண் சொல்லும் வயல்.
எண் மேட்டு வயல்களைச் சொன்னது.
ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர்.
டேப்பின் மறுமுனையை
நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.
நல்ல நெல். பதினோரு கிலோ.
அதுதான் இனி ஊரின் விளைச்சல்,
எங்கள் பள்ளத்துக்கும் சேர்த்து.

யார் பார்த்துப் பொறுக்கியது என்றார் அப்பா.
யாருமில்லை, எல்லா வயலுக்கும் சம வாய்ப்பு என்றேன்.
கமாவோடு வந்தது வார்த்தை,
அச்சு அசலாக சார் குரலில்.
நீ எந்தப் பக்கம்மா?
அதற்கு நோட்டில் பதில் இல்லை.

மறுநாள் வகுப்பில் சொன்னேன்.
நாலா? என்று ஒரே ஒரு முறை கேட்டார்.
பிறகு நெடுநேரம் போர்டுப் பக்கமே திரும்பி நின்று
பிழை எவ்வளவு விரியும் என்று
வரி வரியாகப் போட்டார். சட்டைக் கை முழுக்கச் சுண்ணாம்பு.
இது பரீட்சைக்கு வராது, எழுத வேண்டாம் என்றதும்
ஐம்பத்துமூன்று பேனாக்கள் படுத்தன.
மணி அடித்ததும் ஓடினார்.
மதியம் வேறு கல்லூரியில் மணிக்கணக்கு வேலை,
இங்கே மூன்று மாதச் சம்பளம் பாக்கி.

தெளிவாக இருந்ததா?
டிசம்பருக்கு ஒன்று. அந்தக் கடைசி வகுப்புக்கு ஐந்து.
கூட்டி வகுத்தால் மூன்று.
மூன்று என்றொரு நாள் அந்த வகுப்பில் இருந்ததே இல்லை.

வட்டங்களை விட்டுவிட்டேன்.
கருத்துக்கு என்று மூன்று கோடு இருந்தது.
நாற்பத்தெட்டுப் பேரை நீங்கள் கேட்கவில்லை
என்று முதல் கோட்டில் எழுதினேன்.
அவருக்குச் சம்பளம் கொடுங்கள் என்று இரண்டாவதில்.
மூன்றாவதற்கு யோசிப்பதற்குள்
அக்கா கையை நீட்டிவிட்டார்.
நாலே காலுக்கு என் பஸ்.